ஹார்பர் லைனில் ஓர் ஐரோப்பா

ஊரிலிருந்து வரும் விருந்தாளிக்கு மும்பையைச் சுற்றிக்காட்ட சீத்தா கேம்ப் தமிழர்கள் முதலில் அழைத்துப் போவது கோட்டைப் பகுதிக்கு. கோபுரமும் மணிக்கூண்டும் சிலையும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. அவற்றைக் காட்டுகிறவர்களின் சொந்தக் குடியிருப்புக்குத்தான் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

மே மாத ஞாயிற்றுக்கிழமைகளில் மான்கூர்ட் ரயில் நிலையத்தில் காலை ஏழு மணிக்கே ஒரு தனிக் கூட்டம் தெரியும். கையில் தூக்குச் சட்டி, தோளில் தண்ணீர் பாட்டில், மடிப்புக் கலையாத சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. வேலைக்குப் போகிற கூட்டமல்ல இது. ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து வந்த திருநெல்வேலி விருந்தாளிக்கு 'பாம்பே' காட்டப் போகிற கூட்டம். பல ஞாயிறுகளில் முற்பகலிலேயே ஹார்பர் லைனில் 'மெகா பிளாக்' தொடங்கிவிடும். தண்டவாள வேலைக்காக மாலை வரை ரயில் நின்றுவிடும். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

அப்படி ஒரு குடும்பம். எழுபதைத் தொடும் தாத்தா; கட்டட மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். பத்தாவது முடித்துவிட்டு விடுமுறையில் இருக்கும் பேத்தி. அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வந்திருக்கும் தாத்தாவின் தங்கை மகன், அவர் மனைவி, இரண்டு வாண்டுகள். தூக்குச் சட்டியில் புளிச் சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும்.

அவர்கள் புறப்பட்டு வந்த சீத்தா கேம்ப், மும்பையின் கிழக்கு ஓரத்தில் டிராம்பேயில் இருக்கிறது. அருகிலேயே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நீண்ட வளாகம். இன்னொரு பக்கம் கழிமுகமும் அலையாத்திச் செடிகளும். ஆங்கில எழுத்துகளால் பெயரிட்ட செக்டர்கள், அவற்றுக்குள் ஒருவர் போனால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். பள்ளிவாசல், அம்மன் கோவில், மாதா கோவில் மூன்றும் உண்டு. ஒரே சந்தில் தமிழும் உருதுவும் மலையாளமும் மராத்தியும் காதில் விழும். தாராவி, மாதுங்கா, செம்பூர் என்று மும்பைத் தமிழர்களின் ஊர்களைச் சொல்லிக்கொண்டு போகிறவர்கள் கடைசியாகச் சொல்லும் பெயர் இது. பலர் அதையும் சொல்ல மறந்துவிடுவார்கள்.

இங்கிருந்து ஷேர் ரிக்ஷாவில் மான்கூர்ட். அங்கிருந்து இருபது ரூபாய்க்குள் ஒரு டிக்கெட். முக்கால் மணி நேரப் பயணம். விசா வேண்டாம், விமானம் வேண்டாம். இறங்கும் இடத்தில் ஐரோப்பா நிற்கிறது.

ஜன்னல் ஓரம் கிடைத்துவிட்டால் சுற்றுலா ரயிலிலேயே தொடங்கிவிடுகிறது. இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது இந்த ஹார்பர் லைனில்தான்: 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை. கோவண்டி, செம்பூர், திலக் நகர் தாண்டினால் குர்லா வருகிறது. அந்தப் பெயரை விருந்தாளி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மதியத்துக்குள் அது இன்னொரு விதமாகத் திரும்ப வரும். சேவ்ரியில் கடல் பின்வாங்கினால் விரியும் சேற்றுவெளிக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். கோடையிலும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அடுத்து காட்டன் கிரீன். பஞ்சுப் பொதி விற்ற காலத்தின் பெயர். ரே ரோடும் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடும் பம்பாயை ஆண்ட கவர்னர்கள் பெயர்கள். ஸ்டேஷன் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தால் பாதி வரலாறு முடிந்துவிடுகிறது.

ஹார்பர் ரயில் வந்து முட்டி நிற்கும் இடம் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ். 1996ல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனது, 2017ல் 'மகராஜ்' சேர்ந்தது. ஆனால் பழைய பம்பாய்க்காரர்கள் வாயில் அது இன்னமும் 'வீடி'தான். ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் கூரையைப் பார்ப்பதில்லை. பின்னால் வருகிறவர்கள் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். முழுக் கட்டடத்தையும் பார்க்க வேண்டுமானால் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி நிற்க வேண்டும்.

திரும்பி நின்றதும் விருந்தாளியின் வாயிலிருந்து எல்லா விருந்தாளிகளும் சொல்வது வருகிறது. "என்ன மாமா, லண்டன் மாதிரில்லா இருக்கு!"

லண்டனைப் பார்த்திராத இருவரும் அதை ஒப்புக்கொள்கிறார்கள். தவறில்லை. பிரடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயர் வரைந்து, 1878ல் தொடங்கிப் பத்தாண்டு பாடுபட்டுக் கட்டிய நிலையம் இது. 1887 விக்டோரியா ராணி பட்டமேறிய பொன்விழா ஆண்டு என்பதால் அவர் பெயர் சூட்டப்பட்டது. நடுவே குவிமாடம், அதன் உச்சியில் 'முன்னேற்றம்' என்று பெயரிட்ட பெண் சிலை. வாசல் தூண்களில் ஒன்றில் சிங்கம், இன்னொன்றில் புலி. சிங்கம் பிரிட்டனுக்கு, புலி இந்தியாவுக்கு. கூரான வளைவுகள் ஐரோப்பிய கோதிக் பாணி. ஆனால் தூண் தலைகளில் ஒளிந்திருக்கும் குரங்கும் அணிலும் இலைகளும் உள்ளூர்ச் சரக்கு. பம்பாய்க் கலைப்பள்ளி மாணவர்களின் உளி வேலை அது. 2004ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தாத்தா பார்ப்பது வேறு. "ஒட்டுப்போட்ட இடம் தெரியுதா பாரு," என்கிறார் பேத்தியிடம். கல்லும் கல்லும் சேரும் கோட்டில் விரல் நுழையாது. அந்த வேலையின் கூலி என்னவாக இருந்திருக்கும், ஒரு நாளைக்கு எத்தனை கல் செதுக்கியிருப்பார்கள் என்பதெல்லாம் அவருடைய கேள்விகள். முகப்பில் ராணிக்கென்று அமைத்த மாடம் காலியாக இருக்கிறது; சுதந்திரத்துக்குப் பிறகு சிலையை எடுத்துவிட்டார்கள். பேத்தி செல்போனை உயர்த்திப் பிடித்து எல்லோரையும் அந்தக் குவிமாடத்துக்குக் கீழே நிற்க வைக்கிறாள். படத்தில் குவிமாடம் வந்தால் தலைகள் வெட்டுப்படுகின்றன. தலைகள் வந்தால் குவிமாடம் காணாமல் போகிறது.

எதிரிலேயே இன்னொரு கோபுரக் கட்டடம். அதுவும் ஸ்டீவன்ஸ் வரைந்ததுதான், 1893ல் முடிந்தது. மும்பை மாநகராட்சியின் தலைமையகம். வெளியூர்க்காரர்களுக்கு இது அழகான கட்டடம். குடிசைவாசிகளுக்கு இது தண்ணீர்க் குழாய்க்கும் கழிப்பறைக்கும் வீட்டுச் சுவருக்கும் அனுமதி தருகிற, தராமல் போகிற பெயர். வாண்டுகள் அதையும் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

தாதாபாய் நௌரோஜி சாலையில் ஞாயிறு காலை கார்கள் குறைவு. கடைகளின் ஷட்டர்கள் இறங்கியிருக்கின்றன. நடைபாதைக்கு மேல் கட்டடங்கள் நீட்டிய வளைவுகளின் நிழலிலேயே வெயில் படாமல் பிளோரா பவுண்டன் வரை போய்விடலாம். 1864ல் வைத்த நீரூற்று. ரோமானியப் பூ தேவதை மேலே நிற்கிறாள். பக்கத்திலேயே தீப்பந்தம் ஏந்திய இரு உருவங்கள்: பம்பாய் தலைநகராக, மராத்தி பேசுவோருக்கென ஒரு மாநிலம் கேட்டு 1950களில் நடந்த போராட்டத்தில் உயிர்விட்டவர்களின் நினைவுச் சின்னம். 1960 மே 1 அன்று மகாராஷ்டிரம் பிறந்தது. ஹுதாத்மா சௌக் என்பது இந்த இடத்தின் இன்றைய பெயர்.

இந்தப் பகுதிக்குக் 'கோட்டை' என்று பெயர். ஆனால் கோட்டையைக் காணோம். விருந்தாளி இதைக் கேட்காமல் இருப்பதில்லை. கோட்டை இடிந்த கதையில்தான் இந்த ஐரோப்பா பிறந்த கதையும் இருக்கிறது.

விடுமுறையில் வியன்னாவுக்குப் போகிற வசதிக்காரர்கள் முதலில் பார்ப்பது 'ரிங்' என்னும் வட்டச் சாலையை. பழைய நகரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவரை இடிக்க 1857 டிசம்பரில் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் ஆணையிட்டார். சுவர் நின்ற இடத்தில் அகலச் சாலை வந்தது. அதன் இருபுறமும் ஆப்ரா அரங்கம், பாராளுமன்றம், பல்கலைக்கழகம், நகர மன்றம் எல்லாம் ஒன்றையொன்று மிஞ்சும் ஆடம்பரத்துடன் எழுந்தன. சில ஆண்டுகளிலேயே அதே காரியம் பம்பாயிலும் நடந்தது. 1862ல் கவர்னராக வந்த பார்ட்டில் பிரேர் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மதில்களை இடிக்க வைத்தார். திறந்த வெளியின் ஓரத்தில் உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் அரசு அலுவலகங்களும் வரிசையாக எழுந்தன.

பணம் வந்த வழியும் சுவாரசியமானது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். தென் மாநிலங்களின் பஞ்சு லங்காஷயர் ஆலைகளுக்கு வரவில்லை. இந்தியப் பஞ்சுக்குத் தங்க விலை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிப் பருத்தியும் கப்பல் ஏறியது. ஆனால் பெரிய ஆட்டம் ஆடியது பம்பாய்தான். 1865ல் போர் நின்றதும் விலை சரிந்தது, வங்கிகளும் கம்பெனிகளும் கவிழ்ந்தன. ஆனால் அந்த நான்கு ஆண்டில் வந்த பணத்தின் ஒரு பங்கு கல்லாக மாறி நின்றுவிட்டது.

அப்படி நிற்கும் கல்லில் உயரமானது ராஜாபாய் கோபுரம். பஞ்சு வியாபாரத்திலும் பங்குச் சந்தையிலும் ராஜாவாக இருந்து 1865 சரிவில் அடிபட்ட பிரேம்சந்த் ராய்சந்த் பணம் கொடுத்தார். தாயார் ராஜாபாய் பெயரை வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. கண் தெரியாத அந்த ஜைன மூதாட்டி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும், மணியோசை அவருக்கு நேரம் சொன்னது என்று பம்பாயில் ஒரு கதை உண்டு. வரைந்தவர் லண்டனின் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். லண்டன் செயின்ட் பேங்க்ராஸ் ரயில் நிலையத்தின் முன் நிற்கும் பெரிய ஓட்டலும் அவர் வேலையே. பம்பாய்ப் பக்கம் அவர் வந்ததேயில்லை. வரைபடம் மட்டும் கப்பலில் வந்தது. 1878ல் முடிந்த கோபுரத்தின் உயரம் 280 அடி. மேற்கு இந்தியாவின் பல சாதியினரைக் குறிக்கும் சிலைகள் அதன் மூலைகளில் நிற்கின்றன.

"லண்டன் பிக் பென் மாதிரியே இருக்கே," என்கிறார் விருந்தாளி.

"படம் லண்டன்தான் மருமவனே. கல்லு குர்லா," என்கிறார் தாத்தா.

அதுதான் உண்மை. இந்த வெளிர் மஞ்சள் கல் காலையில் ரயில் தாண்டி வந்த குர்லாவில் வெட்டியது. மேஸ்திரி வேலையில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கப் போனவர்களுக்கு எந்தக் கல் எந்த ஊர் என்பது அத்துப்படி. கேட்வே ஆப் இந்தியாவின் கல் மலாடு பக்கத்துக் கரோடியிலிருந்து வந்தது. வாட்சன் ஓட்டல் மட்டும் விதிவிலக்கு. காலா கோடா அருகே இன்று எஸ்பிளனேட் மேன்ஷன் என்ற பெயரில் நிற்கும் அந்தக் கட்டடத்தின் இரும்புச் சட்டங்கள் இங்கிலாந்தில் வார்த்துக் கப்பலில் வந்து 1860களில் இங்கே பொருத்தப்பட்டவை. 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் சினிமா இந்தியாவில் முதன்முதலாக ஓடியது அங்கேதான்.

பல்கலைக்கழகத்தை அடுத்து உயர் நீதிமன்றம். ஜேம்ஸ் அகஸ்டஸ் புல்லர் என்ற ராணுவப் பொறியாளர் வரைந்தது, 1878ல் முடிந்தது. உச்சியில் நீதியும் கருணையும் சிலைகளாக நிற்கின்றன. உள்ளே ஒரு தூணில் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு தராசு பிடித்த குரங்கு செதுக்கப்பட்டிருக்கிறது. வழக்கில் தோற்ற காண்டிராக்டர் ஒருவரின் பழிவாங்கல் என்று கதை. ஞாயிறு என்பதால் கதவு மூடியிருக்கிறது. பிள்ளைகள் குரங்கைப் பார்க்க முடியாததில் ஏமாந்து போகிறார்கள்.

தாத்தா அந்த வாசலில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறார். இந்தக் கட்டடம் அவர் மனதில் கோதிக் பாணியாகப் பதிந்ததல்ல. ஆனால் கதையைச் சொல்ல நிழல் வேண்டும். ஓவல் மைதானத்தின் மர நிழலில் தூக்குச் சட்டி திறக்கிறது.

ஓவல் மைதானத்தில் உட்கார்ந்தால் இரண்டு ஐரோப்பா தெரியும். கிழக்கே பார்த்தால் விக்டோரியா காலத்துக் கோபுரங்கள். மேற்கே திரும்பினால் 1930களின் ஆர்ட் டெக்கோ அடுக்குமாடிகள்: வளைந்த பால்கனி, கப்பல் போல நீண்ட கோடுகள், வெளிர் வண்ணங்கள். நடுவே ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து கிரிக்கெட் ஆட்டங்கள். எந்தப் பந்து எந்த ஆட்டத்துடையது என்று ஆடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும். மேற்குப் பக்கத்து மாடிகள் நிற்கும் தரை அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை கடல். மண் கொட்டி நிரப்பிய பிறகு முளைத்தது அந்தத் தெரு. அதற்கப்பால் மெரைன் டிரைவ். இந்த இரண்டு வரிசைகளையும் சேர்த்து 94 கட்டடங்களை 2018 ஜூன் மாதம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பட்டியலில் சேர்ந்தால் லேசில் கை வைக்க முடியாது. வியன்னாவின் பழைய நகரம் 2001ல் பட்டியலில் ஏறியது. பக்கத்தில் ஓர் உயரமான கட்டடம் வரப்போகிறது என்பதற்காகவே 2017ல் 'ஆபத்தில் இருக்கும் சின்னங்கள்' வரிசைக்கு அதை மாற்றினார்கள். ஒரு நகரத்தின் வானக் கோடு கெட்டுவிடக் கூடாது என்று உலகமே கவலைப்படுகிறது.

சோறு பரிமாறியதும் விருந்தாளி கேட்கிறார்: "நம்ம கேம்ப் எத்தனை வருசத்துக் கட்டடம் மாமா?"

சீத்தா கேம்ப்பின் வயது துல்லியமாகத் தெரியும்: 1976. அதற்கு முன் அந்த மக்கள் ஜனதா காலனியில் இருந்தார்கள். சுதந்திரம் வந்த சில ஆண்டுகளில் நகரின் மையப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களை மாநகராட்சியே கொண்டுபோய் உட்கார வைத்த இடம் ஜனதா காலனி. அப்போது அது நகரத்துக்கு வெளியே இருந்த சதுப்பு நிலம். அதாவது, வந்தவர்கள் கேட்டு வந்ததல்ல. அரசு காட்டிய இடம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அங்கே நிறைய. மண்ணை நிரப்பி, சுவர் எழுப்பி, கோவிலும் பள்ளிவாசலும் கடைத்தெருவுமாக ஓர் ஊர் உருவானது.

அதன் பக்கத்தில் இன்னொன்றும் உருவானது. 1954ல் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் தொடங்கியது. 1956ல் ஆசியாவின் முதல் அணு உலைகளில் ஒன்றான அப்சரா இயங்கியது. ஹோமி பாபா 1966ல் இறந்த பிறகு, 1967ல் நிலையத்துக்கு அவர் பெயர் வந்தது. வளாகம் வளர வளர, பக்கத்தில் இருந்த ஜனதா காலனி இடைஞ்சலாகத் தெரிந்தது. காலி செய்யச் சொன்னார்கள். மக்கள் மறுத்தார்கள்.

அந்த மறுப்புக்குத் தலைமை தாங்கியவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்க வயலில் 1947ல் பிறந்த தமிழர். 1960களில் பம்பாய்க்கு வந்து ஜனதா காலனியில் தச்சு வேலை செய்தவர். காலனியில் குப்பை அள்ள யாரும் வராத காலத்தில், பிள்ளைகளைப் 'பிக்னிக்' போகலாம் என்று திரட்டி, ஆளுக்கொரு குப்பைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து மாநகராட்சி அலுவலகத்தின் முன் கொட்ட வைத்தார் அவர். குப்பை அள்ள ஆள் வந்தது. காலி செய்யச் சொன்னபோது கோர்ட்டுக்குப் போனார்கள். தில்லி வரை போய்க் கதவு தட்டினார்கள். சில ஆண்டுகள் தள்ளிப்போட முடிந்தது.

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. ஊர்வலம், ஆர்ப்பாட்டம், பத்திரிகைச் செய்தி எதற்கும் இடமில்லை. 1976 ஜனவரி 4 அன்று பம்பாய் முழுக்கக் குடிசைகளைக் கணக்கெடுத்தார்கள், எண் எழுதினார்கள், போட்டோ பாஸ் என்ற அட்டை பிறந்தது. அதே ஆண்டு மே மாதம் ஜனதா காலனியின் முறை. போலீஸ் சூழ, லாரிகளும் புல்டோசர்களும் வந்தன. அகற்றப்பட்டவர்கள் சுமார் 70,000 பேர். கொண்டுபோய் இறக்கிய இடம் சில கிலோமீட்டர் தள்ளியிருந்த உப்பு மண் வெளி. அதுதான் சீத்தா கேம்ப். ஆளுக்கொரு சிறு மனைத் துண்டு. கடல் பொங்கினால் தண்ணீர் உள்ளே வரும்.

"அப்ப எனக்கு இருபது வயசு," என்கிறார் தாத்தா. "கதவையும் ஜன்னலையும் கழட்டி எடுத்துக்கிட்டோம். சுவரை எடுக்க முடியல."

மறுபடியும் முதலிலிருந்து. இடிபாட்டுக் கல்லும் மண்ணும் கொட்டிச் சேற்றை நிரப்பினார்கள். தகரம் போய்ச் செங்கல் வந்தது. செங்கல்லுக்கு மேல் மாடி வந்தது. எதிரே தெரியும் ஆர்ட் டெக்கோ தெருவும் கடலில் மண் கொட்டித்தான் எழுந்தது. ஆனால் அங்கே நிரப்பியதற்கு 'ரிக்ளமேஷன்' என்று பெயர். சீத்தா கேம்ப்பில் அதற்கு ஒரு பெயரும் இல்லை.

ஜோக்கின் அங்கேயே நிற்கவில்லை. குடிசைவாசிகளுக்கென்று தேசிய அளவில் சம்மேளனம் கட்டினார். இடிக்கும் முன் எண்ணிப் பார். எண்ணுகிற வேலையையும் வரைபடம் போடுகிற வேலையையும் அங்கே வாழ்கிறவனே செய்யட்டும் என்பது அவர் வழி. பம்பாயில் கற்றது ஆப்பிரிக்க, ஆசிய நகரங்களுக்கும் போனது. 2000ல் ரமோன் மகசேசே விருது, 2011ல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் இறந்தார். ஓவல் மைதானக் கட்டடங்கள் உலகப் பட்டியலில் ஏறிய அதே ஆண்டு.

சட்டமும் மெல்ல ஓரடி நகர்ந்தது. 1981ல் மழைக்காலத்தில் நடைபாதைக் குடிசைகளை அகற்ற பம்பாயில் நடவடிக்கை எடுத்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மனுதாரர்களில் ஒருவர் சேலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி. 1985 ஜூலையில் வந்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு, உயிர் வாழும் உரிமைக்குள் பிழைக்கும் உரிமையும் அடக்கம் என்றது. நடைபாதையில் தொடர்ந்து இருக்க அனுமதி தரவில்லை. அகற்றும் முன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றது. ஜனதா காலனிக்கு அது ஒன்பது ஆண்டு தாமதம்.

புளிச் சோறு தீர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கடல் பார்க்க வேண்டும். வழியில் காலா கோடா. 'கறுப்புக் குதிரை' என்று பொருள். குதிரை மேல் உட்கார்ந்திருந்த ஏழாம் எட்வர்டின் சிலையை 1965ல் பைகுல்லா மிருகக்காட்சித் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். 2017ல் ஆளில்லாத ஒரு குதிரையை இங்கே புதிதாக நிறுத்தினார்கள். ராஜாவையும் இந்த நகரம் இடம் மாற்றத்தான் செய்திருக்கிறது. ஆனால் மரத்தடியாகப் பார்த்துப் பத்திரமாக இறக்கி வைத்தது. பக்கத்தில் வெல்ஸ் இளவரசர் பெயரில் 1922ல் திறந்து, 1998 முதல் சிவாஜி மகராஜ் பெயரில் இயங்கும் அருங்காட்சியகம். உள்ளே போக ஒரு நாள் வேண்டும். வெளியிலிருந்து குவிமாடத்தைப் பார்த்துவிட்டு நடக்கிறார்கள்.

கேட்வே ஆப் இந்தியாவில் ஞாயிறு மாலைக் கூட்டம். பாதுகாப்புச் சோதனைக்கு வரிசை. 2008 நவம்பரில் எதிரே இருக்கும் தாஜ் ஓட்டலும் வீடியும் தாக்கப்பட்ட பிறகு வந்த வழக்கம். 1911ல் ஐந்தாம் ஜார்ஜ் வந்து இறங்கியதன் நினைவாகத் திட்டமிட்டு, ஜார்ஜ் விட்டெட் வரைந்து, 1924 டிசம்பரில் திறந்த 26 மீட்டர் உயர வளைவு. 1948 பிப்ரவரி 28 அன்று பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவு இதன் வழியாகத்தான் கப்பலேறியது. வரவேற்கக் கட்டிய வாசல் வழியனுப்பவும் பயன்பட்டது. வாண்டுகளுக்குப் புறாவும் எலிபெண்டா படகும் பஞ்சு மிட்டாயும் போதும். உடனடிப் படம் எடுத்துத் தருகிறவரிடம் பேரம் பேசி, குடும்பம் முழுவதும் வளைவின் கீழ் நிற்கிறது. இந்தப் படத்தில் வளைவும் தெரிகிறது, தலைகளும் தெரிகின்றன. ஊரில் அம்பாசமுத்திரத்து வீட்டுச் சுவரில் அது தொங்கும்.

மெகா பிளாக் முடிந்து ரயில் ஓடத் தொடங்கியிருக்கிறது. வீடி மஞ்சள் விளக்கில் குளித்து நிற்கிறது. திரும்பும் கூட்டத்தில் உட்கார இடமில்லை. காட்டன் கிரீன், சேவ்ரி, குர்லா எல்லாம் இருட்டில் தலைகீழ் வரிசையில் போகின்றன. மான்கூர்ட்டில் இறங்கி ஷேர் ரிக்ஷாவில் நெருக்கியடித்து உட்காரும்போது சின்னவன் பேத்தியின் மடியிலேயே தூங்கிவிட்டான்.

ரிக்ஷா அணுசக்தி நகரின் நீண்ட சுவரை ஒட்டிப் போகிறது. சுவருக்கு அப்பால் அடர்ந்த மரங்கள். தாத்தா வெளியே கை நீட்டுகிறார். "அந்தப் பக்கம்தான் இருந்துச்சு, ஜனதா காலனி."

விருந்தாளி எட்டிப் பார்க்கிறார். சுவரும் விளக்கும் மரமும் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"இதையும் காட்டியிருக்கலாம்லா மாமா, வெளிச்சத்துல?"

"காட்ட என்ன இருக்கு மருமவனே? சொல்லத்தான் முடியும்."

ரிக்ஷா திரும்புகிறது. கேம்ப்பின் விளக்குகள் தெரிகின்றன. பேத்தி செல்போனில் இன்று எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தவள், நிறுத்திவிட்டு, சுவர் இருந்த பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறாள்.